பதினைந்து நொடிக்கு ஒரு படம்

அந்த வார்டின் பூட்டைத் திறக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. சாவி சரியான சாவிதான். பூட்டுதான் என்னோடு ஒத்துழைக்கக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தது. என் மனைவி யூனிஸ் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நின்று சிரித்தாள்.

"கோவப்பட்டா அது தெறக்குமா? மெதுவா திருப்புங்க."

சித்தூரில் பலமனேர் ரோட்டை ஒட்டிய பழைய மிஷன் காம்பவுண்டு அது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி. மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. யூனிஸின் சித்தப்பா சபைக் கமிட்டியில் இருக்கிறார். தசரா லீவு முடியும்வரை பின்பக்க வார்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர்தான் சாவி கொடுத்தார். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னார். ஏன் என்று நான் விசாரித்திருக்கலாம். எனக்கு எங்கே அதற்கெல்லாம் நேரம்!

என் பெயர் ஜெபசிங். திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறேன். அது பிழைப்பு. நான்கு வருடமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது வேறு ஒன்று. ஆறு நிமிடப் படம். ஸ்டாப் மோஷன் என்பார்கள். பொம்மையை மேசையில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும். அதன் கையை ஒரு நெல் அளவு நகர்த்தி இன்னொன்று. மறுபடி நகர்த்தி இன்னொன்று. அப்படிப் பன்னிரண்டு எடுத்தால் திரையில் ஒரே ஒரு நொடி ஓடும். நடுவில் யாராவது தும்மி மேசை ஆடினால் அன்றைய வேலை போச்சு.

என் படத்தில் களிமண் உண்டு, வெட்டிய காகிதம் உண்டு, கடைசிக் காட்சியில் உயிருள்ள மனுஷியும் உண்டு. துணிப் பொம்மை ஒன்று மேசைமேல் நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கையைத் தொட வேண்டும். பொம்மையின் பெயர் ரூத். ஒரு சாண் உயரம், உள்ளே கம்பி. பெண், யூனிஸ். வேறு யார் எனக்காக மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்காருவார்கள்?

மூன்று குறும்பட விழாக்களுக்கு அனுப்பினேன். மூன்றும் வேண்டாம் என்றுவிட்டன. மூன்றாவது கடிதத்தில் காரணமும் எழுதியிருந்தார்கள். 'அசைவில் உயிர் இல்லை.' அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. நான்காவது விழாக்காரர்கள் மட்டும், கடைசிக் காட்சியை மறுபடி எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் இன்னொரு முறை பார்ப்பதாகச் சொன்னார்கள். இதுவும் போனால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறேன் என்று யூனிஸிடம் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, நான்கு வருடம் ரூத்துக்குச் சட்டை தைத்தவள் அவள்.

திருப்பதியில் எங்கள் வாடகை வீட்டில் ரயில் போனாலே மேசை நடுங்கும். இந்த வார்டில் சுவர் ஒரு முழம் கனம், தரை கருங்கல். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, இரண்டு விளக்கைப் போட்டேன். பகல் பதினொரு மணிக்கு உள்ளே கும்மிருட்டு. மேசையும் நாற்காலியும் மட்டும் வெளிச்சத்தில் நின்றன. பீனாயில் வாசனை இன்னும் போகவில்லை. அதற்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது. சூடு பண்ணிய நல்லெண்ணெய். இத்தனை வருடம் மூடிக் கிடந்த இடத்தில் யார் எண்ணெய் காய்ச்சினார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு வேலையில் மறந்துவிட்டேன்.

காம்பவுண்டைக் கூட்டுகிற கமலம்மா வாசல்படியில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். உட்கார்ந்த இடத்தில் ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஆட்டுவதை நிறுத்தவே இல்லை. கண்ணோரத்தில் அது ஆட ஆட எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"அம்மா, கொஞ்சம் காலை ஆட்டாம இருக்கறீங்களா? கவனம் போவுது."

"நான் வெளிய போய் உக்காந்துக்கறேன் சார்" என்று எழுந்தாள். போகும்போது, "எதையும் ரொம்ப நேரம் அசையாம வெச்சிடாதீங்க சார்" என்றாள்.

என் தொழிலே அதுதான் என்று அவளுக்கு யார் புரியவைப்பது?

திங்கள்கிழமை மதியம்வரை எடுத்தது முப்பத்தோரு போட்டோ. ஓட்டிப் பார்த்தேன். ரூத் நடக்கவில்லை. உதறிக்கொண்டு இடம் மாறினாள். பல்லைக் கடித்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, யூனிஸ் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைத் தின்றோம். திரும்பி வந்தபோது கேமராவில் முப்பத்தைந்து போட்டோ இருந்தது.

நான் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு போடுகிறவன். கோடு முப்பத்தொன்றுதான்.

"தப்பா எண்ணிட்டீங்க" என்றாள் யூனிஸ்.

ரூத்தின் வலது கை, நான் வைத்த இடத்தில் இல்லை. சற்று மேலே இருந்தது.

கமலம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் அழாத குறையாக, "சாவி உங்க ஜோபிலதானே சார் இருந்துச்சு? நான் எப்பிடி உள்ள பூந்திருப்பேன்?" என்றாள். நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

யூனிஸ் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அந்த நான்கு போட்டோவையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு நொடி. ரூத் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். ஆனால் தூக்குவதற்கு முன்னால் தயங்கினாள். தூக்கும்போது அந்தத் துணிக் கைக்கு ஒரு பாரம் இருந்தது. கை வலிக்கிறவள் தூக்குகிற மாதிரி இருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வந்தது பொறாமை. நான்கு வருடம் முதுகு ஒடிய உழைத்து என்னால் ஆகாததை, நாங்கள் சாப்பிடுகிற நேரத்தில் எதுவோ செய்து வைத்திருக்கிறது!

ரூத்தின் சட்டைக் கையில் புதிதாக ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. அதை நான் யூனிஸிடம் காட்டவில்லை.

மறுநாள் செய்ததை வேறு எந்தத் தொழில்காரனும் செய்திருக்க மாட்டான். பேய் என்று தெரிந்தால் மனுஷன் ஓடுவான். நான், பதினைந்து நொடிக்கு ஒரு போட்டோ தானாக எடுக்கும்படி கேமராவுக்கு டைமர் வைத்தேன். ரூத்தை மேசை நடுவில் நிறுத்தினேன். கதவைப் பூட்டிக்கொண்டு யூனிஸோடு சாப்பிடப் போனேன். வழக்கத்தைவிட மெதுவாக மென்றேன். அவள் தன் பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

ஒரு மணி நேரம். இருநூற்று நாற்பது போட்டோ. இருபது நொடி.

ரூத் நடந்தாள். நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். பொம்மைக்கு ஏது மூச்சு? ஆனாலும் வாங்கினாள். யூனிஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது நீங்க பண்ணதா? எப்போ பண்ணீங்க?"

"காலைல. நீ உங்க சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தியே, அப்போ."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் சொன்னேன் இல்ல? உங்களால முடியும்னு சொன்னேன் இல்ல?" என்று என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்து வருடக் கணக்காகிவிட்டது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியது அந்த நிமிடத்தில்தான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமையும் அப்படியே ஓடியது. நடுவில் ஒருமுறை பூட்டிய கதவில் காதை வைத்துக் கேட்டேன். கேமரா பதினைந்து நொடிக்கு ஒருமுறை 'க்ளிக்' என்றது. அந்த இடைவெளியில் ரப்பர் செருப்பு கல்தரையில் உரசுகிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல். தூங்குகிற குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெல்ல.

"இன்னும் கொஞ்சம்..."

க்ளிக்.

"இன்னும் கொஞ்சம். வலிக்காது."

க்ளிக்.

கை தானாகச் சாவிக்குப் போயிற்று. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த ஷாட் வீணாகும் என்றுதான் முதலில் தோன்றியது. அன்றைக்கு நான் இருந்த லட்சணம் அப்படி.

வியாழக்கிழமை பாக்கி இருந்தது கடைசிக் காட்சி ஒன்றுதான். யூனிஸ் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை மேசைமேல் விரித்து வைத்து, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரூத் அவள் விரலைத் தொட வேண்டும். காலை முழுக்க நானே முயன்றேன். நாற்பது போட்டோ. பழைய கதைதான். உதறல். ரூத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை.

யூனிஸ் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், மேசையைப் பார்க்க மாட்டாள் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. உள்ளே இருப்பது பொம்மையைத்தான் நகர்த்தும். இவளை ஒன்றும் செய்யாது. இவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

டைமரைப் போட்டேன்.

"யூனி, ஸ்டுடியோலேர்ந்து போன். பேசிட்டு வந்துடறேன். கேமரா தானா எடுக்கும். நீ மட்டும் அசையாத."

"சீக்கிரம் வாங்க. கால் மரத்துப் போவுது" என்றாள், உதட்டை அசைக்காமல்.

வேப்பமரத்தடியில் போய் நின்றேன். போனை எடுத்து எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். துடைப்பத்தோடு வந்த கமலம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"டீச்சரம்மா எங்க சார்?"

"உள்ள. ஷூட்டிங்கு. உக்காந்துக்கினு இருக்கா."

"அசையாமயா?"

நான் தலையாட்டினேன். துடைப்பம் அவள் கையிலிருந்து விழுந்தது.

"அய்யோ சார், அது போலியோ வார்டு! எங்கம்மா அங்கதான் கூட்டி மெழுகிக்கினு இருந்தாங்க. ஒரு சிஸ்டர் இருந்தாங்களாம். கை கால் வராத புள்ளைங்களுக்கு எண்ண தேச்சு, தெனமும் கொஞ்சம் கொஞ்சமா நீட்டி வுடுவாங்களாம். அவங்க கையால நடந்தவங்க எத்தினியோ பேரு. அவங்க செத்தும் அந்த வேலைய வுடல சார். அசையாம ஒரு உசுரு இருந்தா அவங்களுக்குத் தாங்காது. அதான் இங்க நாங்க யாரும் சும்மா உக்கார மாட்டோம்."

"கெட்டது பண்ணுவாங்களா?" என்று கேட்டேன்.

"நல்லவங்க சார். கெட்டவங்களா இருந்தா ஜெபம் பண்ணித் தொரத்தியிருப்போமே!"

ஓடினேன். அந்தப் பூட்டு மறுபடி மக்கர் பண்ணியது. ஆமாம், கதவைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். அதை யூனிஸுக்குக்கூடச் சொல்லவில்லை.

கதவு திறந்தது.

நல்லெண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது.

யூனிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மேசைமேல். கண் சுவர்மேல். நான் விட்டுவிட்டுப் போனது போலவே. ரூத்தும் வைத்த இடத்திலேயே நின்றாள்.

"வந்துட்டீங்களா? ஒரு நிமிஷம்கூட ஆவலையே. போன் வெச்சிட்டாங்களா?" என்றாள்.

அவள் இரண்டு முழங்கைகளும் விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்தன. தொட்டேன். எண்ணெய். வெதுவெதுப்பாக இருந்தது.

கேமராவில் நூற்று அறுபது போட்டோ. ஓட்ட வேண்டாம் என்று நினைத்தபடியே ஓட்டினேன். யூனிஸ் பக்கத்தில் வந்து நின்றாள்.

திரையில் ரூத் அசையவே இல்லை. எழுந்தவள் யூனிஸ். முதலில் ஒவ்வொரு விரலாக விரிந்தது. பிறகு மணிக்கட்டு. பிறகு தோள். நாற்காலியிலிருந்து எழுந்து, ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள். முழங்கை வளையக்கூடிய அளவுக்கு வளைந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் வளைந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. நூற்று அறுபது போட்டோவிலும் அவள் இமை மூடவில்லை. கடைசியில் உட்கார்ந்து, கையை மேசைமேல் பழையபடி விரித்து வைத்தாள். பதின்மூன்று நொடி. அதைவிட அழகான அசைவை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது, ஆனால் அதுதான் நிஜம்.

"இது நான் இல்ல" என்றாள் யூனிஸ்.

நான் திரையை அணைத்தேன்.

"நான் எழுந்துக்கவே இல்ல. ஏங்க... நான் எழுந்துக்கவே இல்ல!" அவள் தன் கைகளைப் பார்த்தாள். பூட்டோடு கிடந்த கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் என்னை உள்ள வெச்சிட்டுப் போனீங்களா?"

"சத்தியமா இல்லை யூனி. பொம்மையைத்தான்..." வாக்கியத்தின் பாதியிலேயே நான் மாட்டிக்கொண்டேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "அழிச்சிடுங்க. எல்லாத்தையும். இப்பவே" என்றாள்.

"அழிச்சிடறேன். நீ பையைக் கட்டு."

கேமராவைத் தூக்கிக்கொண்டு இருட்டான மூலைக்குப் போனேன். நான்கு வருடம். மூன்று கடிதம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேறொரு காலி கார்டைச் செருகி, அவளுக்கு எதிரில் நின்று 'அழி' பட்டனை அழுத்தினேன்.

மேசை, விளக்கு, ரூத் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்குத் திருப்பதி பஸ் ஏறினோம். கமலம்மா ரோடுவரை வந்தாள். வழி நெடுக யூனிஸிடம் அந்த சிஸ்டரின் கதையைச் சொன்னாள்.

பஸ் ஆட ஆட எனக்கு நிம்மதி வந்தது. ஆடுகிற இடத்தில் ஒன்றும் ஆகாது. யூனிஸ் ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நான் நடைபாதையை ஒட்டிய சீட்டில். இன்று ராத்திரியே சேர்த்து அனுப்பிவிடலாம், அவளிடம் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், விழாவில் எடுத்துக்கொண்டால் அவளே மன்னித்துவிடுவாள் என்று மனது ஓடிக்கொண்டே இருந்தது.

பாகாலா தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்தார்.

வெயிலில் எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள்.

"நெஜமா அழிச்சிட்டீங்களா?" கண்ணைத் திறக்காமலே யூனிஸ் கேட்டாள்.

"அழிச்சிட்டேன்."

"என்மேல கை வெச்சு சொல்லுங்க."

"அழிச்சிட்டேன் யூனி" என்றேன். கையை மட்டும் அவள்மேல் வைக்கவில்லை. அவள் எதையாவது கவனித்துவிடுவாளோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அசையாமல்.

நல்லெண்ணெய் வாசனை வந்தது.

தொடைமேல் கிடந்த என் வலது கையில் சுண்டுவிரல் விரிந்தது. நான் விரிக்கவில்லை. அடுத்த விரல். அடுத்தது. யாரோ அடியில் கை கொடுத்துத் தாங்குகிற மாதிரி இருந்தது. நல்ல பழக்கமுள்ள, வலுவான கை.

நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை. கத்தப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றது காதோரம்.

என் கை ஒரு நெல் அளவு உயர்ந்து நின்றது. மறுபடி ஒரு நெல் அளவு. நின்றது. நான்கு வருடம் ரூத்தை நான் நகர்த்தியதும் இப்படித்தான். கை என் சட்டைப் பைக்குள் போயிற்று. விரல்கள் கார்டைப் பிடித்தன. வெளியே எடுத்தன. கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமே இல்லாமல், யூனிஸின் மடியை நோக்கி நீண்டன.

"வலிக்காது."

கார்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

யூனிஸ் கண்ணைத் திறந்தாள். கார்டைப் பார்த்தாள். நீட்டியபடியே நின்ற என் கையைப் பார்த்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. கார்டை இரண்டாக முறித்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

ரயில் கத்திக்கொண்டு போனது.

அவள் தலையைத் தூக்கி, என் தோளுக்கு மேலே, காலியாகக் கிடந்த நடைபாதையைப் பார்த்தாள். அங்கே நின்றிருந்த யாரிடமோ தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"தேங்க்ஸ், சிஸ்டர்."